இரண்டு விரல் கூட்டிப் போட்ட கோடு

மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தியின் மகளும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஒன்பது வயது. அவள் பெண் நெடுநெடுவென்று வளர்ந்து வகுப்புத் தலைவியாகிவிட்டாள், ஓட்டத்திலும் முதல். என் பெண்ணைப் பார்ப்பவர்கள் அவளுடைய தங்கையா என்று கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான்.

நான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். செருப்பைக் கழற்று, குதிகாலைச் சுவரோடு ஒட்டு, நேரே பார் என்று நாள் முழுக்கப் பிள்ளைகளின் உயரத்தை அளப்பவள். ஒரு வருடமாக வளராத பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்களிடம், "வருஷம் பூரா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று எரிந்து விழுவதும் நான்தான்.

வீட்டில் சமையலறைக் கதவு நிலையில் பிறந்தநாள்தோறும் இரண்டு பெண்களுக்கும் கோடு போடுவோம். தொழில் தெரிந்தவள் என்பதால் பென்சில் என் கையில். இந்த வருடம் என் மகளின் தலையில் வைத்த புத்தகம் போன வருடக் கோட்டிலேயே வந்து நின்றது. ஓரகத்தி அடுப்பை அணைக்கத் திரும்பினாள். நான் இரண்டு விரல் மேலே தூக்கிக் கோடு இழுத்துவிட்டேன்.

ஓரகத்தி தையல்காரி. இரண்டு பேருக்கும் யூனிபார்ம் அவள்தான் தைப்பாள். பள்ளி திறக்கும் வாரம் என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டாள். மகள் வளர்ந்த பெருமையைப் பீற்றிக்கொள்ளத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

அவள் என் மகளின் பழைய ஸ்கர்ட்டை விரித்தாள். "வளர்ந்தா இறக்கிவிடலாம்னு உள்ள நாலு விரல் துணி மடிச்சுத் தச்சேன்க்கா. ஒரு வருஷமாச்சு, பிரிக்கவே வேண்டியதா இல்ல."

கதவு நிலையில் கோடு ஏறியிருக்கிறதே என்றேன்.

"கோடு அவ தலைக்கு மேல இருந்ததை அன்னைக்கே பார்த்தேன். உங்க மனசு சங்கடப்படுமேன்னு பேசாம இருந்துட்டேன், அது என் தப்பு. நாளைக்கு ஆஸ்பத்திரியில வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்கக்கா."

அந்த நேரத்திலும் பக்கத்தில் தொங்கிய அவள் மகளின் புது ஸ்கர்ட் எவ்வளவு நீளம் என்று என் கண் பார்த்தது.

மறுநாள் மகளோடு வரிசையில் நின்றேன். அளந்த நர்ஸ் போன வருட உயரத்தைக் கேட்டாள். இதேதான் என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூட வேலை செய்கிறவள் என்பதால் ஒன்றும் கேட்காமல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

கேட்டிருக்கலாம்.