சப்பரம் திரும்பும் இடம்

"யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்" என்று சிவசுப்பிரமணியன் சொன்னதும், கடைசி வரிசையிலிருந்து முத்துமாரி, "சார், இந்த வருசம் அம்மன் கொடைக்கு ஊருக்குப் போறியளா?" என்று கேட்டாள்.

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். திரையில் அப்போது இருந்தது அமெரிக்காவின் பழைய பேருந்து ஒன்றின் படம். வெள்ளையர்களுக்கு முன்பக்கம், கறுப்பர்களுக்குப் பின்பக்கம். அதைப் பற்றி அவன் உருகி உருகிப் பேசி அப்போதுதான் முடித்திருந்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கப்பல் ஏஜென்சியில் இப்படி ஒரு வகுப்பு நடப்பதற்கே அவன்தான் காரணம். போன வருடம் கப்பலிலிருந்து இறங்கிய கானா நாட்டு அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக அலைந்தான். சாவிகள் வரிசையாகத் தொங்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே ரூம் இல்லை என்றார்கள். அந்த மனிதர் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படி இறங்கினார். அன்று சிவசுப்பிரமணியனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐரோப்பாவிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு நடந்ததைச் சொன்னான். அவர்கள் இனவெறியைப் பற்றிய பாடங்களை அனுப்பினார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் விழுந்து விழுந்து படித்தான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் அவன் தலையிலேயே விழுந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

"போவேன். ஏன் கேக்க?"

முத்துமாரி அவன் ஊர்க்காரி. ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஆற்றோரமாகப் போனால் வரும் ஊர். அவன் மேலத்தெரு, வயல்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் கீழத்தெரு, அதே வயல்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்கள் வீட்டுப் பிள்ளை. இரண்டு வருடமாக ஒரே அறையில் வேலை பார்க்கிறார்கள். ஊர்ப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

"சப்பரம் தண்ணித் தொட்டிகிட்ட வந்து திரும்பிரும்லா சார். எங்க தெருவுக்குள்ள வராது. நாங்க தெரு முக்குல நின்னு தேங்காப் பழத்தை நீட்டுவோம். இப்பம் எங்கம்மைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டு. முக்கு வரைக்கும் வர முடியாது. இந்த பஸ் படத்தைப் பாத்ததும் கேக்கத் தோணிச்சு."

சிரித்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள். சிவசுப்பிரமணியனுக்கு முகம் சுட்டது. முப்பத்துநாலு வருடமாக அந்தத் தொட்டியடியில் சப்பரம் திரும்புவதைப் பார்த்திருக்கிறான். அங்கே தெரு முடிந்துவிடுகிறது என்பதுபோலத்தான் அவன் கண்ணும் பழகியிருந்தது.

"இந்த வருசம் உள்ள வரும்" என்றான்.

முத்துமாரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மாதான் சார் கேட்டேன். நீங்க ஒண்ணும் சிரமப்படாதிய."

தப்பித்துக்கொள்ள அவளே வழி விட்டாள். ஆனால் படித்தவனுக்கு, அதிலும் அப்போதுதான் கைதட்டு வாங்கியவனுக்கு, வாய் எங்கே நிற்கும்? "நான் சொல்லுதேன்லா" என்றான்.

ஊரில் கோயில் பொறுப்பு மகாராஜன் மாமாவிடம் இருந்தது. அவன் அம்மாவுடன் பிறந்தவர். அவர் குதிப்பார், சட்டத்தைச் சொல்லி மடக்கலாம் என்று பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனான். மாமா குதிக்கவில்லை. வெற்றிலையை மென்றபடி கடைசி வரை கேட்டார்.

"காலம் மாறிட்டுல்லா மாப்ள. பேசுவோம். அந்தத் தெருவுல கேபிள் வயரு தாழக் கெடக்கு, அது ஒண்ணுதான் யோசனை. நீ ஒண்ணு செய்யி. இந்த வருசம் முன்தண்டு பிடி. உங்கப்பாவுக்குப் பொறவு நம்ம வீட்டுலேர்ந்து ஆரும் பிடிக்கலயே."

முன்தண்டைத் தோளில் தாங்குபவன் எங்கே கால் வைக்கிறானோ அங்கேதான் சப்பரம் போகும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். மாமா சம்மதித்துவிட்டார் என்றே அவன் எடுத்துக்கொண்டான். அந்த ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்தவன், பெரியவர்கள் ஒருவன் வாயை அடைக்க மரியாதையைத்தான் முதலில் கொடுப்பார்கள் என்று அறியாதவன் அல்ல. அப்பா நின்ற இடம் என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. மறுநாள் அலுவலகத்தில், "பேசிட்டேன். வயருதான் தாழ இருக்காம்" என்று முத்துமாரியிடம் சொன்னான். அவள், "அப்பம் அம்மைகிட்ட சொல்லலாமா சார்?" என்று கேட்டாள். அந்தக் குரலில் முதல் தடவையாக ஓர் ஆசை இருந்தது. சொல்லு என்றான்.

கொடையன்று சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. கையில் காப்பும் இடுப்பில் மஞ்சள் வேட்டியுமாக அவன் முன்தண்டில் நின்றான். பின்னால் சித்தப்பா மகன் வெள்ளத்துரை. இன்னும் ஆறு பேர். மேலத்தெருச் செல்லப்பாண்டி தண்டு பிடிக்காமல் பக்கத்திலேயே நடந்து வந்தான். மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு நின்று, தேங்காய் உடைத்து, வெயில் தாழும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

வழக்கமாக முக்கில் கீழத்தெருச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இன்று ஒருவரும் இல்லை. எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். தெருவை நீர் தெளித்துப் பெருக்கி, வாசலுக்கு வாசல் கோலம் போட்டிருந்தார்கள். கேபிள் வயர்களை மூங்கில் கழிகளை நட்டு உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கழி, இரண்டு கழி அல்ல, தெரு நெடுக. தன் ஒரு வாய்ச் சொல்லை நம்பி ஒரு தெருவே இப்படி நிற்கிறதே என்று சிவசுப்பிரமணியனுக்குப் பயமாக இருந்தது.

மேளக்காரர்கள் வழக்கம்போல் திரும்பினார்கள். அவன் நேரே கால் வைத்தான்.

தண்டு நகரவில்லை. தோளில் எலும்பு நசுங்குவதுபோல் வலித்தது. பின்னால் இருந்த ஏழு பேரும் திரும்பும் பக்கமே இழுத்தார்கள்.

"ஏலே, திரும்புலே! அம்மன் சரியுது பாரு" என்றான் வெள்ளத்துரை.

"நேரே போவோம்லே. மாமாகிட்ட பேசியாச்சு."

மேளம் நின்றது. மகாராஜன் மாமா நிதானமாக வந்து அவன் காதருகே குனிந்தார். "பேசுவோம்னுதான சொன்னேன் மாப்ள. இன்னும் பேசலல்லா. அம்மன் கீழ விழுந்தா நீ நாளைக்கு தூத்துக்குடிக்கு பஸ் ஏறிருவ. இங்கன கெடக்கப்போறது அவங்கதான். யோசிச்சுக்கோ."

அவன் யோசித்தான். திரையில் காட்டிய படங்கள், வகுப்பில் சொன்ன வாக்கியங்கள், ஒன்றாவது உதவிக்கு வரும் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. சப்பரம் சாய்ந்தால் முதல் கல் எந்தத் தெருவில் விழும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நேரே போக முடியாது. திரும்பவும் கால் வரவில்லை. குனிந்து தோளை உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

சப்பரம் ஆடக்கூட இல்லை. செல்லப்பாண்டி அந்த இடத்தில் நுழைந்துவிட்டான். கோயிலிலிருந்தே துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஏன் பக்கத்திலேயே நடந்து வந்தான் என்பது இப்போதுதான் விளங்கியது. மேளம் மறுபடி எழுந்தது. அம்மன் முதுகைக் காட்டிக்கொண்டு மேலத்தெருப் பக்கம் போனாள்.

"மாப்ளைக்குக் கால் பிசகிட்டு! தண்ணி குடுங்கடே" என்று மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். ஒரு சொம்பு வந்தது. அதை வாங்கி நாலு மடக்குக் குடித்தால் போதும், நடந்த எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். சொம்பை நீட்டிய கை வெகு நேரம் அப்படியே இருந்தது.

அவன் வாங்கவில்லை. திரும்பிக் கீழத்தெருவுக்குள் நடந்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் அந்தத் தெருவுக்குள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. கோலங்களை மிதிக்காமல் போக இடமில்லாததால் மிதித்துக்கொண்டுதான் போனான்.

நடுத்தெருவில் முத்துமாரியின் அம்மா ஆறுமுகத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். சரிந்துவிடாமல் இருக்க இடுப்பில் தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. பக்கத்தில் தட்டோடு நின்ற முத்துமாரி அவனைப் பார்த்தாள். அவன் வெறும் தோளைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேளம் ஏம்ளா தூரமாக் கேக்கு?" என்று ஆறுமுகத்தாய் மகளிடம் கேட்டாள். நல்ல கையை நாற்காலியில் ஊன்றி, கழுத்தை நீட்டி, முன்னால் நின்றவனைத் தாண்டித் தெருமுக்கை எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. அம்மன் வாரது மறைக்கு."

அவன் தள்ளி நின்றான். ஆறுமுகத்தாய் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத முக்கையே பார்த்தபடி இருந்தாள்.