கை தட்டச் சொன்ன குரல்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது இல்லை. இருபத்து மூன்று விநாடி ஓடும் ஒரு வீடியோவிலிருந்து வந்தது. போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு இருபதுக்கு, வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் கபடி இறுதி ஆட்டத்தின்போது எடுத்தது. வர்ணனை மேசையில் முனியராஜ் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் துண்டு. பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிறுத்துகிறான். துண்டு வாய்க்குப் போகிறது. ஒன்பது விநாடி பேச்சே இல்லை. அதற்கு நடுவில் தெற்கே ஒரு சத்தம். பிறகு குழாய் ஒலிபெருக்கியில் ஒரு குரல்:

"கேட்டீகளா சத்தத்தை! இதுதாம்யா நம்ம ஊரு வெடி! கை தட்டுங்க, அங்கன வரைக்கும் கேட்கட்டும்!"

கூட்டம் கை தட்டுகிறது. வீடியோ அவ்வளவுதான்.

அங்கன என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே ஒரு பட்டாசு ஆலையில் அந்த நேரம் ஆட்கள் எரிந்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி சோலையம்மாள். முனியராஜுக்குக் கூடப்பிறந்த அக்கா.

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதிவிட்டேன். காலண்டர் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். "எரிந்துகொண்டிருந்தார்கள்" என்று எழுதியதும் ஒவ்வொரு தடவையும் தாளைத் திருப்பிவிடுகிறேன். முன்பக்கம் முருகன் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதையும் பார்க்க முடியவில்லை.

2

தொடக்கம், முதல் வரைவு: "நல்ல வர்ணனையாளன் என்பவன் யார்? கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரத்தை—"

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.

இரண்டாம் வரைவு: "முனியராஜ் மைக்கைப் பிடித்தால் கண்மாயில் மேய்கிற மாடுகூடத் திரும்பி—"

பொய். எந்த மாடும் திரும்பவில்லை. அவனுக்குக் கணீர்க் குரலெல்லாம் கிடையாது. பதினோரு வருஷம் வெடிமருந்துத் தூசி போய் வந்த தொண்டை. நடுவில் நடுவில் கரகரக்கும்.

அவனிடம் இருந்தது வேறு. பட்டாசு ஆலையில் முன்பு அவனுக்கு மருந்து கலக்கிற வேலை. அந்த அறைக்குள் செருப்புக் கிடையாது, சத்தப் பேச்சுக் கிடையாது. கலக்கிறவன் கண் கூட நிற்பவர்களின் காலிலேயே இருக்கும். ஒருத்தன் காலைத் தேய்த்து நடந்து, பாதத்துக்கு அடியில் ஒரு மணல் பரல் உரசினால் முடிந்தது. பதினோரு வருஷம் கால் பார்த்தவன், கபடிக்கு வந்தும் காலைத்தான் பார்த்தான். "இடது குதிகாலைத் தூக்கிட்டான், இப்பத் திரும்புவான் பாருங்க" என்பான். ஆட்டக்காரன் திரும்புவான். கையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் நடந்து முடிந்ததைத்தான் சொல்ல முடியும். டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிற பாதிப் பேர் அப்படித்தான். திரையில் தெரிகிற புள்ளியையே திரும்ப வாசிப்பார்கள்.

மருந்து வேலையிலிருந்து அவனை வெளியே இழுத்ததே சோலையம்மாள்தான். "வீட்டுக்கு ஒரு ஆளு மருந்து தின்னாப் போதும்லே" என்றாளாம். மைக் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வர்ணனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் என்ன நடக்கிறது என்று சொல்வான். பக்கத்தில் ஒரு பழைய ஆட்டக்காரன், அது ஏன் நடந்தது என்று சொல்வான். அவனுக்கு நிபுணர் என்று பெயர்.*

* இந்தக் கதையில் நிபுணருக்குப் பெரிய வேலை இல்லை. ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவனை விட்டுவிடலாம்.

3

சென்னையில் ஒரு விளையாட்டுச் சேனல் கபடித் தொடருக்குத் தமிழில் பேச ஆள் தேடியது. முனியராஜை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன், கேபிள்காரர் மாரிக்கண்ணன் நேரலையில் போடும் இந்த ஆட்டத்தை அங்கிருந்தே பார்ப்போம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை ஆலை வேன் வந்து நிற்கிற இடத்தில் அக்காளும் தம்பியும் பேசியது:

"ஏலே முனி, டிவிக்காரவுக பார்க்காகளாம்ல இன்னைக்கி. தலையச் சொறியாம உக்காரு. மானத்த வாங்கிராத."

"ஞாயித்துக்கெழமை ஒனக்கென்ன வேலை?"

"சீசன்லே. ஆர்டர் கெடக்கு. அரை நாள்தான். அம்மாவுக்கு மைதானத்துல எடம் போட்டு வைன்னு செல்வலட்சுமிகிட்டச் சொல்லியிருக்கேன்."

"மேஸ்திரி விடலைன்னா?"

"விடலைன்னா என்ன, குழாய் கட்டியிருக்காகல்ல. நீ கத்துறது அங்கன வரைக்கும் கேட்கும்லே."

வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "தம்பி, எங்க பேரையும் மைக்ல சொல்லுங்க" என்றாள். (அவள் பெயர் எனக்குத் தெரியும். செத்த நாலு பேரில் அவளும் ஒருத்தி. அந்தப் பெயரை எழுத அவள் வீட்டில் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.)

மத்தியானம் மாரிக்கண்ணன் மேசைக்கு வந்து சொன்னது: "ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். ரெண்டு விநாடிக்கு மேல சும்மா இருந்தீகன்னா பார்க்கிறவன் சீரியலுக்குப் போயிருவான். ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் பிடிச்சுக்கோங்க."

அவருக்குப் பின்னால் உள்ளூர் அணிக்காரர் ஒருவர் வந்தார். "நம்ம பயலுக ஒரே பாட்டுல மூணு பேரைத் தூக்கினா தெக்குக் கண்மாய்க் கரையில பேன்சி வெடி விடுவோம். மைக்ல சொல்லிருங்க." எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வெடி இல்லாமல் இறுதி ஆட்டம் கிடையாது. யார் வெடி உயரம் போனது என்று ஆட்டத்தைவிட அதிகம் பேசுவார்கள்.

நாலு இருபது. கடைசி இரண்டு நிமிஷம். கபடி பாடிப் போனவன் மூணு பேரைத் தொட்டுவிட்டான். நடுக்கோட்டுக்குப் பாய்கிறான். முனியராஜ் எழும்பாத குறையாக, "வலது காலு... வலது காலு கோட்டைத் தொட்டா—" என்றவன் நிறுத்தினான். சத்தம் வந்தது. முனியராஜ் துண்டை எடுத்துவிட்டு, மைக்கில் வாயை வைத்து—

(இந்த வாக்கியம் முடியவில்லை. ஆறு வரைவிலும் முடித்தேன். இதில் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

4

பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெண் செத்தால் கூடப்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து அவள் மேல் போர்த்த வேண்டும். பிறகுதான் தூக்குவார்கள்.

முனியராஜ் பச்சைச் சேலை கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் உடலை வெள்ளைத் துணியில் சுற்றி, பிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீளம் ஒரு ஆள் நீளம் இல்லை. அவன் சேலையைப் பிரித்துக் குனிந்தபோது சோலையம்மாளின் மகள் செல்வலட்சுமி எழுந்து வந்து குறுக்கே நின்றாள். பத்தொன்பது வயது. அதற்குள் வீடியோ சென்னை வரை, துபாயில் வேலை பார்க்கும் பயல்கள் வரை போய்த் திரும்பியிருந்தது.

"மாமா, கை தட்டச் சொன்னீகள்ல?"

அவன் விரித்த சேலையோடு நிமிர்ந்தான்.

"இப்பத் தட்டச் சொல்லுங்க. எல்லாரும் வந்திருக்காக. சொல்லுங்க மாமா."

சேலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். பங்காளி முறையில் ஒருவர் வேறு சேலை போர்த்தினார். முனியராஜ் தன் சேலையை எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்து, கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தான். முன்னால் போன யாரோ ஒருவன், "அங்கன வரைக்கும் கேட்கட்டும்" என்று அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாதது அவள் செய்தது இல்லை. அவன் வாய் திறக்காதது. "நான் சொல்லலை" என்று ஒரு பேச்சு போதும். அவள் வழி விட்டிருப்பாள்.

5

சரி.

நிபுணரை விட்டுவிடலாம் என்றேன். விட முடியாது. அந்த ஓர நாற்காலியில் இருந்தவன் நான். பெயர் சோணைமுத்து. மாவட்ட அணியில் ஆறு வருஷம் ஆடி, முட்டி போய், இப்போது சிவகாசியில் காலண்டர் தாள் வெட்டுகிறேன். வீடியோவில் என் முழங்கை தெரியும். நீலச் சட்டை.

கை தட்டச் சொன்னது என் குரல்.

குழாயில் போனால் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் வரும். முனியராஜின் வாய் துண்டுக்குள் இருந்தது. பார்த்தவர்கள் என் வரியை எடுத்து அவன் வாயில் வைத்தார்கள். நானும் நாலு பகுதியாக அதையேதான் செய்தேன். மூன்றாவது வரைவில் அவன் சிரிப்பதாகக்கூட ஒரு வரி எழுதியிருந்தேன். நல்ல வரி. அடித்தபோது வருத்தமாக இருந்தது. என்னைப் பற்றி இதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்து ஏன் என்று சொல்வது நிபுணர் வேலை. நூறு தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன். முனியராஜ் நிறுத்துவது ஆறாவது விநாடி. சத்தம் வருவது பத்தாவது விநாடி. வெடிச் சத்தம் கேட்டு அவன் நிறுத்தவில்லை. அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டான். மேசைக்கடியில் வெறுங்காலோடுதான் உட்காருவான், பழைய வேலைப் பழக்கம். தரை உதறியது அவன் பாதத்துக்கு முதலில் வந்துவிட்டது. பேன்சி வெடி மேலே போய் வெடிக்கும், காலுக்கு வராது. செல்வலட்சுமி பக்கத்தில் இடம் காலியாக இருந்ததையும் அவன் பார்த்திருந்தான். துண்டு வாய்க்குப் போனது அதனால்தான். அன்றைக்கு அந்த மைதானத்தில் நடந்த வர்ணனையில் சரியாக இருந்தது அந்த ஒன்பது விநாடி மட்டும்தான்.

நான் செருப்புப் போட்டிருந்தேன். மனசில் கண்மாய்க் கரை வெடி. காதில் மாரிக்கண்ணனின் ரெண்டு விநாடி. சேனல் பார்க்கிற நேரத்தில் பயல் திக்கிவிட்டான், நாம் பிடித்துக் காப்பாற்றுவோம் என்று என் மைக்கை எடுத்தேன். (சேனல்காரர்கள் என்னையும் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.)

கைதட்டல் அடங்குவதற்குள் புகை எழுந்தது. முனியராஜ் தெற்கே ஓடிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியிலேயே இருந்தேன். மைக் கையிலேயே இருந்தது.

அரை நாள் வேலை நாலு மணி வரை ஏன் போனது, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் ஏன் இருந்தார்கள்? ஏன் என்று கேட்க அன்றைக்கு இம்புட்டு இருந்தது. நிபுணர் கை தட்டச் சொன்னான்.

6

முடிவு, முதல் வகை: சேனல் முனியராஜை அழைக்கிறது.

(இல்லை. சேனலிலிருந்து ஒரு அம்மா போனில், "குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த வீடியோவுக்கு அப்புறம் எங்களால முடியாது" என்றார்.)

இரண்டாம் வகை: நான் ஊர் நடுவில் நின்று உண்மையைச் சொல்கிறேன். ஊர் என்னை—

(சொல்லவில்லை. ஐந்து மாசம் ஆகிறது.)

மூன்றாம் வகை: எந்த ஊரிலும் வர்ணனைக்குக் கூப்பிடாததால் முனியராஜ் மறுபடி மருந்து கலக்கப் போகிறான்.

(இது நடந்துவிட்டது. தை பிறந்ததும் போய்விட்டான். அவள் வெளியே இழுத்த ஆளை நான் உள்ளே தள்ளியிருக்கிறேன்.)

வேன் நிற்கிற அதே இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏலே, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லே."

"என்னன்னு?"

"நான் இல்லை, சோணைமுத்துன்னு."

தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அண்ணே, என்ன நடந்துச்சுன்னு சொல்றது என் வேலை. அன்னைக்கி எனக்கு வாய் வரலை. ஏன்னு சொல்றது உங்க வேலை. அஞ்சு மாசமாப் பார்க்கேன், நீக இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

வேன் வந்தது. ஏறிவிட்டான்.

7

முந்தாநாள் இந்தத் தாள்களை ஐந்தாம் பகுதி வரை செல்வலட்சுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதை என்று தலையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தாள். ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டு அடியில் வைத்தாள். ஐந்தாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"நானும் தட்டினேன் சோணை மாமா," என்றாள். "அம்மாவுக்கு எடம் போட்டு வச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் தட்டினேன்."

நூறு தடவை ஓட்டிப் பார்த்த வீடியோவில் கை தட்டும் கூட்டத்தை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

"குழாய் தெக்க பார்த்துத்தான கட்டியிருந்துச்சு?"

"ஆமா தாயி."

"அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யோசித்தேன். தூரத்தைக் கணக்குப் போட்டேன். தெரியவில்லை என்றேன்.

"எம்புட்டுச் சத்தமாச் சொன்னீக? சொல்லிக் காட்டுங்க."

"தாயி..."

"தாளைப் பார்க்காமச் சொல்லுங்க. அன்னைக்கிச் சொன்ன மாதிரியே."

சொன்னேனா என்பதை எழுதப் போவதில்லை. சொன்னதாக ஒன்று, சொல்லாததாக ஒன்று, இரண்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் நல்லவனாகத் தெரிந்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்த வரி ஒன்றாம் பகுதியில் இருக்கிறது. அவள் உங்கள் முன்னால் ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். கண்ணை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள்.