அம்முவின் வலது கை

என் நாத்தனார் அம்முவைப் பற்றித் திருவொற்றியூரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வெளியூர்ப் பந்தயங்களில் அவள் வாங்கிவந்த கோப்பைகள் எத்தனை என்று டீக்கடையில் சண்டையே நடக்கும். சண்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் அவள் கார் ஓட்டியதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்தவள். முதல் பந்தயத்தில் அவள் எங்கள் மானத்தை வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தவள். அதனால் மற்றவர்கள் பேச்சை விடுங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜெயவேலுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. எண்ணூர் உப்பளத்திலிருந்து ராயபுரத்துக் கிடங்குகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போவார். அவருடைய தோஸ்து தாவூது தண்டையார்பேட்டையில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் விட்டுப்போன சோழவரம் விமான ஓடுதளத்தில் பணக்காரர்கள் கார் பந்தயம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இந்த இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. ஒரு பந்தயம் விடாமல் போய் வெயிலில் நின்றார்கள். கொஞ்ச நாளில் பார்ப்பது போதவில்லை. நாமே ஒன்று கட்டினால் என்ன என்றார் தாவூது.

கட்டியும் விட்டார்கள். பட்டாள ஏலத்தில் வந்த ஒரு குட்டிக் காரின் எஞ்சின், வேறு எதிலிருந்தோ கழற்றிய சக்கரம், துறைமுகத்தில் தூக்கிப்போட்ட எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டித் தட்டிய தகடு. உள்ளே ஒரே ஒரு ஆள் உட்காரலாம். அந்த ஆளும் மூச்சை அடக்கித்தான் நுழைய வேண்டும். மூக்கு நீண்டு, பின்பக்கம் சூம்பி, பார்க்கச் சகிக்காது. தெருவே அதற்குப் பீப்பாய் என்று பெயர் வைத்தது. அந்த ஒற்றைச் சீட்டு என் வீட்டுக்காரருக்கென்று போட்டது.

அவருக்கு நேரம் சரியில்லை. வண்டி கட்டி முடித்த கையோடு உப்பு மூட்டை சரிந்து விழுந்து கால் முறிந்தது. அவர் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். லாரியை ஓட்ட ஆள்? அம்முதான். பத்தொன்பது வயது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தே வண்டி பழகி, லைசென்சும் வாங்கி வைத்திருந்தாள். பொம்பளை லாரி ஓட்டுகிற அதிசயத்தைப் பார்க்கக் காலடிப்பேட்டையில் ஜனம் கூடும். அவள் ஒருத்தரையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். கிடங்கில் உப்பை இறக்கிவிட்டு நேரே தாவூது பட்டறைக்குப் போய், சும்மா நிற்கிற பீப்பாயில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் அண்ணனிடம் கேட்டே விட்டாள், இதைப் பந்தயத்தில் நான் ஓட்டட்டுமா என்று. அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். தன் கால் தேறும்வரைக்கும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

முதல் பந்தயத்துக்கு லாரி ஸ்டாண்டே திரண்டு வந்தது. கட்டுப்போட்ட காலோடு இவரையும் தூக்கி உட்கார வைத்தோம். அம்மு தலைமுடியை இழுத்துக் கட்டி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொடி அசைந்தது. எனக்குப் பந்தயமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் பீப்பாய் எல்லாருக்கும் முன்னால் போகிறது என்று மட்டும் தெரிந்தது. கனமில்லாத வண்டி என்பதால் வளைவுகளில் பெரிய கார்கள் அதை நெருங்க முடியவில்லை. தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. நேர்ப்பாதையில் ஒரு சிவப்புக் கார் அவள் பின்னால் வந்து ஒட்டியது. அம்மு நிதானமாக இடது பக்கம் ஒதுங்கினாள், வலது கையை வெளியே நீட்டினாள், போ போ என்று ஆட்டினாள். சிவப்புக் கார் போய்விட்டது. அடுத்து ஒரு நீலக் கார் வந்தது, அதற்கும் அதே மரியாதை. வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள்.

இது லாரிக்காரர்களின் வழக்கம். பின்னால் வேகமாக ஒரு வண்டி வந்தால் ஒதுங்கிக் கைகாட்ட வேண்டும். அதற்குச் சைடு கொடுப்பது என்று பெயர். சைடு கொடுக்காதவனை ஸ்டாண்டில் ஒருவரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள், டயர் வெடித்து நடுரோட்டில் நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஸ்டாண்டு ஆட்கள் அவள் கைகாட்டின ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்கள். நல்ல டிரைவர் என்று மெச்சிக்கொண்டார்கள். பந்தயம் முடிந்த பிறகுதான் தோற்றுப்போனதே அவர்களுக்கு உறைத்தது. தாவூது தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நா குடுக்கல அண்ணி, கை தானா போய்ட்ச்சு" என்றாள் அம்மு. முகம் செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் தீர்ப்புச் சொன்னார். தங்கை லாரிக்குப் பொறந்தவள், பந்தயத்துக்கு லாயக்கில்லை, கட்டுப் பிரித்ததும் இனிமேல் நான்தான் என்றார். அம்மு சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு கவளம் வாய்க்குப் போகவில்லை. லாரி ஓட்டுவதைப் பற்றி ஊரே வாய்க்கு வந்தபடி பேசியபோது சிரித்துக்கொண்டிருந்த பெண். அந்தச் சீட்டு போகிறதென்றதும் இப்படி உடைந்துபோனாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று யார் சொன்னது? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"இந்தாய்யா, இன்னொருவாட்டி அவ ஓட்டட்டும். மொத மூணு பேர்ல வர்லன்னா சீட்டு உன்னுது. வந்தாள்னா அவளுது. அப்பால நீ வாயத் தொறக்கக் கூடாது."

என் வாய்க்குப் பயந்தாரோ, தங்கை முகத்தைப் பார்த்தாரோ, சரி என்றார்.

மறுநாளே நான் லாரியில் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை ஒருத்தனுக்கும் சைடு கொடுக்கக் கூடாது, இதுதான் பயிற்சி. பின்னால் ஹாரன் கேட்டதும் அவள் வலது கை தானாகக் கிளம்பும். எட்டித் தோளில் ஒன்று வைப்பேன். கை திரும்பிவிடும். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிப் பார்ப்பான், கத்திப் பார்ப்பான், கடைசியில் என் மாமியார்வரைக்கும் இழுத்துத் திட்டுவான். நானும் தலையை வெளியே நீட்டி வட்டியோடு திருப்பிக் கொடுப்பேன். அம்முவுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்னும். அண்ணி, அது பரசுராமன் அண்ணன் வண்டி, பாவம், விட்டுடலாம் என்பாள். பரசுராமன் அண்ணனாவது, பல்லாவரம் அண்ணனாவது, நேராகப் பார்த்து ஓட்டு என்பேன்.

கொஞ்ச நாளில் ஸ்டாண்டில் பஞ்சாயத்தே வைத்துவிட்டார்கள். உன் தங்கச்சிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று இவரிடம் வந்து குறைப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டால் பயிற்சி பலித்தது என்றுதானே அர்த்தம்?

அடுத்த பந்தயத்துக்குள் இவர் கட்டைப் பிரித்துவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்குச் சோழவரத்தில் காற்று அதிகம், புழுதி கண்ணைக் குத்தியது. கொடி அசைந்ததும் பீப்பாய் போன தடவை மாதிரியே முன்னால் பாய்ந்தது. சிவப்புக் கார்க்காரர் இந்தத் தடவை அவசரப்படவே இல்லை. இந்தப் பெண்தான் வழிவிடுமே என்கிற நினைப்பு. பின்னால் வந்து ஒட்டினார், வலது பக்கம் நகர்ந்தார், கைக்காகக் காத்திருந்தார். கை வரவில்லை. அதற்குள் வளைவு வந்துவிட்டது. வளைவில் பீப்பாய் விலகி ஓடிவிட்டது. அடுத்த சுற்றிலும் வந்து காத்திருந்தார். அவருக்குப் பின்னால் நீலக் காரும் அப்படியே. எனக்குச் சிரிப்பாக வந்தது. முட்டி மோதிப் போகவேண்டிய இடத்தில், ரேஷன் கடை வாசலில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசிச் சுற்றில் அவருக்கும் புரிந்துவிட்டது. நேர்ப்பாதையில் எஞ்சினை முழுசாக முடுக்கிக்கொண்டு பக்கத்தில் ஏற வந்தார். அப்போது அம்முவின் வலது கை ஸ்டீயரிங்கை விட்டு மேலே கிளம்பியது.

பாவி, கெடுத்தாளே என்று நான் கண்ணை மூடப் போனேன். மூடவில்லை. கை மேலே போனது, கண்ணாடியில் அப்பியிருந்த புழுதியைத் துடைத்தது, ஸ்டீயரிங்குக்குத் திரும்பிவிட்டது. சிவப்புக் கார்க்காரர் அவள் ஒதுங்கப் போகிறாள் என்று நம்பி, அவள் விடப்போகிற இடத்தில் நுழையப் பார்த்தார். பீப்பாய் அங்கேயேதான் இருந்தது. அவர் பிரேக்கை மிதித்துத் தடுமாறி நிமிர்வதற்குள் பீப்பாய் கோட்டைத் தாண்டிவிட்டது. முதல் மூன்று கேட்டோம். முதலாவதாகவே வந்துவிட்டாள் கள்ளி.

தாவூது என்னையும் கட்டிப்பிடிக்க வந்து, நடுவழியில் நினைவு வந்து, பரசுராமனைக் கட்டிக்கொண்டார். ஆமாம், திட்டிக்கொண்டிருந்த அதே பரசுராமன். லாரி ஸ்டாண்டு மொத்தமும் ஓடுதளத்தில் இறங்கி ஆடியது. சிவப்புக் கார்க்காரர் நல்ல மனுஷன், தேடி வந்து கை கூப்பினார். கைகாட்டினீர்களே என்று கேட்டார். அம்மு கண்ணில் தூசு என்றாள்.

இவர் மட்டும் ஆட்டத்தில் சேரவில்லை. கும்பலுக்கு வெளியே தடியை ஊன்றிக்கொண்டு பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியெல்லாம் எல்லாரும் பாட, இவர் வாயைத் திறக்கவில்லை. அம்மு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் ஆசையாகக் கட்டிய வண்டி, இவரே ஒருதடவைகூட ஓட்டவில்லை. சொன்ன சொல்லை இந்த மனுஷன் மாற்றினால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புளியந்தோப்புக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பட்டறைக்கு வந்து பீப்பாயை இறக்கினதும் தாவூதிடம் ஸ்பேனர் கேட்டார். வண்டிக்குள் குனிந்து சீட்டின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். சண்டைக்குப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு போனேன். உள்ளேயிருந்து ஒரு தலையணையை உருவி என் கையில் திணித்தார். சீட்டு அவர் உயரத்துக்குப் போட்டது. அம்முவுக்குக் கால் எட்டாமல், முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சொருகிக்கொண்டுதான் இரண்டு பந்தயமும் ஓட்டியிருக்கிறாள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இவர் எப்போது கவனித்தாரோ தெரியாது.

சீட்டை முன்னால் தள்ளினார். அம்முவை உட்காரச் சொன்னார். பெடல் எட்டுகிறதா என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். எட்டுகிறது என்றாள். தாவூது நட்டை எடுத்து நீட்டினார்.

"நட்டு வாணாம் மாமு. வெல்டு வச்சுடு" என்றார் இவர்.

பொறி பறந்து அடங்கியது. தகடு ஆறினதும் என் வீட்டுக்காரர் தடியைச் சாத்திவிட்டு, ஒரே ஒருதடவை தன் காலை உள்ளே விட்டுப் பார்த்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டார்.

"இனிமே நா ஆசப்பட்டாலும் இதுல பூர முடியாது" என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.