கோடு போட்ட துண்டு

குருசாமிக்கு ஒரே ஆசைதான். இலை உருட்டும் மிஷினோடு மல்லுக்கட்டியது போதும். தேயிலை ஃபாக்டரியைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை தனக்குக் கிடைக்க வேண்டும். போட்டிக்கு நின்றவர் ஆபீஸ் கிளார்க் யாக்கோபு. எழுபத்து நாலாம் வருஷம், சித்திரபுரம் பக்கத்தில் இருந்த அந்த எஸ்டேட்டில், அவர் இங்கிலீஷை மிஞ்ச ஆளில்லை. வெண்ணெய் மாதிரி வழியும்.

குருசாமி பள்ளிக்கூட டீச்சர் செபமாலையம்மாளிடம் போய் நின்றான். அவர், வாயில் நுழையாத வார்த்தைகளைத் துண்டு துண்டாக நறுக்கித் தமிழில் எழுதிக்கொடுத்தார். ஹ்யூ-மி-டி-டி. எ-வா-ப-ரே-ஷன். ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு துண்டுக்கு அடியில் கோடு.

"கோடு போட்ட எடத்துல அழுத்துங்க. மத்தத லேசா விட்டுருங்க. அழுத்தம் மாறுனா வெள்ளைக்காரங்களுக்கு வெளங்காது."

பாவி மனுசன், மிஷின் பக்கத்தில் நின்றே பழகினான். அந்த இரைச்சலில் அழுத்துவது என்றால் அடிவயிற்றிலிருந்து கத்துவதுதான். ஒரு மாதம் கத்தினான்.

வேலைக்கான பரீட்சை எஸ்டேட் மேனேஜர் தொரையின் ஆபீஸ் அறையில் நடந்தது. ஈ பறந்தால் கேட்கும் அமைதி. குருசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹ்யூ-மி-டி-டி!" என்றான். கோடு போட்ட 'மி'யில் தொரை கையிலிருந்த டீ மேஜையில் கொட்டியது.

"சண்டைக்கா வந்திருக்க?" என்றார் தொரை. வேலை யாக்கோபுவுக்குப் போனது. குருசாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிஷினுக்குத் திரும்பினான்.

மறுநாளே ஆறு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். தொரையும் பின்னால் வந்தார். யாக்கோபு மிஷின் முன்னால் நின்று வெண்ணெயாக வழிந்தார். ஒரு சொட்டுகூட யார் காதிலும் விழவில்லை. ஆறு பேரும் கையைக் காதில் குவித்துக்கொண்டு முழித்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக்காரம்மா குருசாமியைப் பார்த்து, சுவரில் தொங்கிய ஈரம் அளக்கும் கருவியைக் காட்டி, என்ன என்று சைகையில் கேட்டாள்.

"ஹ்யூ-மி-டி-டி!"

இரைச்சலைத் தாண்டிப் போனது அந்த 'மி' மட்டும்தான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. முகம் மலர்ந்து தலையை ஆட்டினாள். வாடும் இலையைக் காட்டி அடுத்ததைக் கேட்டாள்.

"எ-வா-ப-ரே-ஷன்!"

ஆறு பேரும் யாக்கோபுவை விட்டுவிட்டுக் குருசாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். தொரை யாக்கோபுவின் தோளைத் தட்டி, ஆபீஸ் இருக்கும் திசைக்குக் கையை நீட்டினார். பிறகு மிஷினைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளைக் கூப்பிட்டார்.