ஸ்டியரிங்கில் மாட்டிய சிவப்பு கிளிப்

வண்டியையே வீடாக்கிக்கொண்டு வாழும் எங்களைப் போன்ற வீட்டுவண்டிக்காரர்களுக்குள் சண்டைக்குக் குறைவே இல்லை. கழிவுநீர்க் குழாய் யார் பக்கம் சாய்கிறது, யாருடைய நாய் யார் படியில் காலைத் தூக்கியது என்று வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கூரை மேல் டி.வி. ஆன்டெனாவைத் தூக்கி வைத்தபடி யாராவது வண்டியை ஓட்டிவிட்டால் போதும், அத்தனை பேரும் பகையை மறந்து வெளியே ஓடி வருவோம். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டுவோம். வானத்தைக் காட்டிக் காட்டிக் கத்துவோம்.

அன்றைக்கு நானும் அப்படித்தான் ஓடினேன், வீட்டுச் செருப்போடு, மார்ச் மாதக் குளிரில். முகாம் வாசலில் திரும்பிக்கொண்டிருந்த வண்டியின் கூரையில் ஆன்டெனா விறைத்துக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த பெண்மணி நான் ஏதோ அவளை வரவேற்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சிரித்தாள். பதிலுக்குக் கையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே வாசல் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் வண்டியை விட்டாள்.

மடார் என்று ஒரு சத்தம். ஆன்டெனா கூரையிலிருந்து பிய்ந்து, என் காலடியில் வந்து விழுந்தது.

அமெரிக்காவின் மேற்கு நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கிறது வீட்டுவண்டிகள் வந்து தங்கும் எங்கள் முகாம். நானும் என் வீட்டுக்காரர் மெர்லும் அதைப் பார்த்துக்கொள்கிறோம். பதிலுக்கு இடவாடகை கிடையாது. குளிர்காலத்தில் எங்களைத் தவிர டுவேன் என்ற ஒரு வாயாடி மட்டும்தான் அங்கே இருப்பான். டி.வி. எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிய மறுவருஷம் இது. பழைய டி.வி.யில் புள்ளி புள்ளியாகவாவது ஆள் தெரிவான். டிஜிட்டலில் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் கறுப்புத் திரைதான். ஆற்றுப் பள்ளத்தில் அது வரவே வராது.

வண்டிக்குள் ஏறினேன். அந்தப் பெண்மணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். பெயர் ஆர்டிஸ் கோல்டர்மன் என்றாள். ஸ்டியரிங்கில், துணி காயப்போடும் சிவப்பு கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆன்டெனாவைத் தூக்கினால் ஸ்டியரிங்கில் கிளிப்பை மாட்ட வேண்டும், இறக்கினால்தான் அதைக் கழற்ற வேண்டும். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வோம். மறதிக்கு மருந்து அது ஒன்றுதான்.

"ஏம்மா, கிளிப்பு மூக்குக்கு நேரா தொங்குது. அதப் பாத்தப்புறமுமா வண்டிய எடுத்தீங்க?"

"அது எப்பவுமே தொங்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் அவள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். போன ஜனவரியில் அரிசோனாவில் அவள் புருஷன் லீலண்ட் வானிலைச் செய்தி பார்ப்பதற்காக ஆன்டெனாவைத் தூக்கினார், கிளிப்பை மாட்டினார், படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. ஆன்டெனாவை அவள் இறக்கிவிட்டாள். அவர் கையால் மாட்டிய கிளிப்பைக் கழற்ற மட்டும் மனசு வரவில்லை. அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் சாலை நிலவரம் பார்க்க ஆன்டெனாவைத் தூக்கினாள், அவசரத்தில் கிளம்பிவிட்டாள். எப்போதும் தொங்குகிற கிளிப் யாருக்கு எதை ஞாபகப்படுத்தும்?

என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

"அப்படி என்ன அவசரம்?"

"ஒரு மணிக்கு லிங்கன் நகரத்துல பாஸ்கெட்பால் மேட்ச். என் பொண்ணு ரோண்டாதான் கோச். எங்க ஊர் மொத்தமே ஒரு தெரு. அந்தத் தெருப் பொண்ணுங்க மாநில ஃபைனலுக்குப் போயிருக்காங்க. ஆனா கிழக்க பனிப்புயலாம். நெடுஞ்சாலையில கேட்டப் போட்டு அடைச்சிட்டாங்க. டி.வி.யிலயாவது பாத்துரலாம்னுதான் இங்க திரும்பினேன்."

வெளியே கிடந்த ஆன்டெனாவைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டுவேன் அதற்குள் வந்துவிட்டான். அவன் கூரையில் டிஷ் ஆன்டெனா உண்டு. "எங்கிட்ட ஐநூறு சேனல் இருக்கு, வாங்க," என்று அழைத்துப்போனான். ஐநூறையும் புரட்டினான். மீன் பிடிக்கிறார்கள், வைரம் விற்கிறார்கள், ஆப்பிரிக்காவில் சிங்கம் மானைத் துரத்துகிறது. மேட்ச் வருகிற நெப்ராஸ்கா பொதுத் தொலைக்காட்சி மட்டும் அதில் இல்லை.

"ரேடியோவுல சொல்லுவாங்களே," என்றான் டுவேன், தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல்.

"கேட்டாப் போதாது. நான் பாக்கணும்."

"ஸ்கோர்தானே, எப்படித் தெரிஞ்சா என்ன?"

"ஸ்கோர் யாருக்கு வேணும்?" என்றாள் ஆர்டிஸ். முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "பள்ளிக்கூடத்துல ஆடின காலத்துலேர்ந்து அவளுக்கு ஒரு பழக்கம். கடைசி நிமிஷத்துல திரும்பி எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவ பாப்பா. கோச் ஆனப்புறமும் விடல. நாங்க பெஞ்சுக்கு நேர் பின்னாடி உக்காருவோம். இந்த வருஷம் அவ அப்பா இல்ல. நானாவது இருக்கணும்ல? போன வாரம் போன்ல சண்டை. 'வீட்ட வித்துட்டு அந்தத் தகரப் பெட்டியில சுத்துறீங்க, ஃபைனலுக்கும் வந்து சேர மாட்டீங்க, பாருங்க'ன்னா. வந்து காட்டுறேன்டின்னு சொல்லிட்டுத்தான் போன வெச்சேன்."

டுவேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

எங்கள் கூரையிலும் ஆன்டெனா இருக்கிறது. ஆனால் பள்ளத்தில் அது காக்கா உட்காரத்தான் லாயக்கு. மேலே, வாசலுக்கு வெளியே, கோடையில் கார் நிறுத்துகிற மேட்டுக்குக் கொண்டுபோனால் படம் வரும். அப்படிக் கொண்டுபோக வேண்டுமென்றால் என்ஜின் இல்லாத எங்கள் வீட்டுவண்டியையே பிக்அப் டிரக்கில் மாட்டி இழுக்க வேண்டும். இரண்டு குளிர்காலமாக அதை யாரும் அசைத்ததில்லை. தரை உறையாமலிருக்க வண்டியைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தோம். தண்ணீர்க் குழாய்க்குச் சூடேற்றும் நாடா சுற்றியிருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, மெர்ல் பார்த்துவைத்த சமமட்டம் இருந்தது. கோலிக்குண்டை மேசையில் வைத்தால் உருளாது, அவ்வளவு சமமாக வண்டியை நிறுத்தியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் குண்டை வைத்துக் காட்டுவார். எங்கள் கல்யாணத்தைப் பற்றிக்கூட அந்த மனுஷன் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"முடியாது," என்றார், காபிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலயே."

"நீ மூஞ்சிய அப்படி வெச்சாலே தெரியும், நோரீன். முடியாது. குழாய் வெடிக்கும். மறுபடி மட்டம் பாக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். அதுவும் எதுக்கு, பாஸ்கெட்பாலுக்கு!"

"சரி, வேணாம்," என்றேன். "அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. அவ புருஷன் மாட்டின கிளிப்பு இன்னும் ஸ்டியரிங்லயே இருக்கு. அதப் பாத்துக்கிட்டே சொல்லு."

எழுந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆர்டிஸின் வண்டிப் படியில் ஏறினார், உள்ளே தலையை நீட்டினார், ஏதோ கேட்டார், இறங்கினார். திரும்பி வரும்போது நேராக எங்கள் வண்டிக்கு வந்தவர், முதல் வைக்கோல் கட்டை ஓங்கி ஒரு உதை விட்டார். கட்டு உருண்டது. அடுத்ததையும் உதைத்தார்.

"பராக்குப் பாத்துட்டு நிக்காத," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "தட்டு கிளாஸெல்லாம் எடுத்து வை, உடையப் போகுது!"

முப்பத்தெட்டு வருஷமாக இந்த மனுஷனோடு மல்லுக்கட்டுகிறேன். அந்த நிமிஷம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தட்டுகளை எடுத்து வைத்தேன்.

டுவேன் குழாய்களைக் கழற்றினான். ஆர்டிஸ் வைக்கோலை இழுத்துப் போட்டாள். கிளம்புகிற சமயத்தில், குளிர்க் கோட்டு எடுத்து வருகிறேன் என்று தன் வண்டிக்குள் போனாள். கொஞ்ச நேரம் வரவே இல்லை. மெர்ல் ஹார்னை அடிக்கப் போனபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேட்டில் காற்று சுழற்றியடித்தது. மெர்ல் உள்ளே வந்து, உள்கூரையில் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றி ஆன்டெனாவைத் தூக்கினார். தெற்கே திருப்பினார், கிழக்கே திருப்பினார். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து சேனல் தேடினேன். ஒன்றுமில்லை. டுவேன் வெளியே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!" என்றான். எதைப் பார்த்துச் சொன்னான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

"மேட்ச் ஆரம்பிச்சிருக்கும்," என்றாள் ஆர்டிஸ். அவள் உட்காரக்கூட இல்லை.

மெர்ல் மறுபடி முழுச் சுற்றும் திருப்பினார். கறுப்புத் திரை. "இந்த டிஜிட்டலக் கண்டுபிடிச்சவன் என் கையில கெடைச்சான்னா..."

"சிக்னல் பூஸ்டர் பட்டனப் போட்டீங்களா?" என்று ஆர்டிஸ் கேட்டாள். "லீலண்ட் ஒவ்வொரு தடவையும் மறப்பாரு."

மெர்ல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பட்டன் அலமாரிக்குள், சோளப்பொரி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அழுத்தினேன். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி தேடினோம். ஒரு கறுப்பு நொடிக்குப் பிறகு, பளிச்சென்று ஒரு முழு மைதானம் எங்கள் மேசை மேல் வந்து நின்றது.

"அதோ!" என்றாள் ஆர்டிஸ். "அந்தப் பச்சைச் சட்டை! கழுத்துல விசில்! சாப்பிடவே இல்ல போலருக்கே, இவ்வளவு எளைச்சிட்டா!"

உடனே ஏதோ நினைத்துக்கொண்டவள்போல், "இதோ வந்துடுறேன்," என்று வெளியே இறங்கினாள். பிக்அப்பின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கைப்பையை விட்டுவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்ததிலிருந்து அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், எனக்கு விதிகள் தெரியாது. பாஸ்கெட்பால் பிடிக்காத மெர்ல், "அடி! அடிச்சுத் தொலை!" என்று மேசையைக் குத்தியது மட்டும் தெரியும். கடைசி நிமிஷத்தில் அந்த ஒற்றைத் தெருப் பெண்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். எதிரணி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. கேமரா பெஞ்சுப் பக்கம் போனது. ரோண்டா தன் பெண்களிடம் ஏதோ சொன்னாள், நிமிர்ந்தாள். பிறகு திரும்பினாள். பின்னால் யாரோ ஒரு இளவட்டம் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்க்கவில்லை அவள். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

ஆர்டிஸ் மேசையில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். "இருக்கேன்டி," என்றாள். "இங்கதான்டி இருக்கேன்."

கடைசி எறிதலில் எதிரணி ஜெயித்துவிட்டது. வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த டுவேன் தரையில் காறித் துப்பினான்.

மேட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கும். கொஞ்ச நேரம் கழித்து ரோண்டாவே கூப்பிட்டாள். ஆர்டிஸின் காது மந்தம். போனை முழுச் சத்தத்தில் வைத்திருந்ததால் பேச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, தோத்துட்டோம்."

"பாத்தேன்."

"சும்மா சொல்லாதீங்க. ரேடியோவுல கேட்டிருப்பீங்க."

"கடைசி நிமிஷத்துல திரும்பிப் பாத்தியே. அது ரேடியோவுல வருமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அங்க யாரும் இல்லன்னு தெரியும்மா. தெரிஞ்சும் திரும்பிட்டேன்."

"திரும்பினது நல்லது. நாளைக்கு ரோடு திறந்துரும், வரேன். தகரப் பெட்டியிலதான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"வாங்கம்மா," என்றாள் ரோண்டா. "மெதுவா வாங்க."

காற்று இன்னும் பலத்தது. கிழக்கே வானம் கன்னங்கரேலென்று எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. "கெளம்பு, கெளம்பு, குழாயெல்லாம் உறைஞ்சிரும்!" என்று மெர்ல் விரட்டினார். டுவேன் தன் வண்டியில் முன்னால் போய்விட்டான். நாங்கள் ஓடிப்போய் பிக்அப்பில் ஏறினோம், நானும் மெர்லும் முன்னால், ஆர்டிஸ் பின்னால். மெர்ல் சாவியைத் திருகினார், ஸ்டியரிங்கில் கையை வைத்தார்.

கையை எடுத்துவிட்டார்.

அவர் விரல் பட்ட இடத்தில் அந்தச் சிவப்பு கிளிப் மாட்டியிருந்தது.

மெர்ல் கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்தார். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். எங்கள் வண்டிக்குள் கைப்பிடி கிறீச்சிடுவது கேட்டது. ஆன்டெனா தலைகுனிந்து கூரையில் படுப்பதை நான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தார், கிளிப்பைக் கழற்றினார், பின்னால் திரும்பாமலேயே தோளுக்கு மேலே நீட்டினார்.

ஆர்டிஸ் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"கோட்டு எடுக்கப் போனப்பதான் கழட்டினேன்," என்றாள். "எங்க வண்டியில ஆன்டெனா இல்ல. அங்க மாட்டி வெச்சு என்ன பிரயோஜனம்?" கொஞ்ச நேரம் விரல்களை மூடி மூடித் திறந்தாள். "லீலண்ட் போனப்புறம் இது இன்னைக்குத்தான் வேலை செஞ்சுது."

மெர்ல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேட்டிலிருந்து வண்டியை மெல்ல இறக்கினார்.

வாசல் மரத்தின் அந்தத் தாழ்ந்த கிளை வந்தது. மூவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டோம். வண்டி சத்தமில்லாமல் அதைத் தாண்டியது.