ஹம்பி ரயிலில் இரண்டு பெட்டிகள்

வெள்ளியங்கிரிக்கு ஹம்பி போகும் ஆசையே இருந்ததில்லை. புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் சில பேர் குடும்பத்தோடு சுற்றுலா ரயிலில் கிளம்புகிறார்கள், எல்லோரும் ஏசி பெட்டி என்று கேள்விப்பட்ட பிறகுதான் சம்மதித்தார். ஆசைப்பட்டது அவர் மனைவி வசந்தாமணி. இடிந்து கிடக்கும் அந்த ராஜதானியைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, கல்தேரை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று நச்சரித்தவள். இப்போது அவளே முரண்டு பிடித்தாள்.

"நமக்கு ஸ்லீப்பரே போதுமுங்க."

"எல்லாரும் ஏசில வாராங்க. நாம மட்டும் அங்க போய் ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அவள் எழுந்து வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தாள். எந்தப் பெட்டி என்று சாயங்காலத்துக்குள் சுற்றுலா ஏஜெண்டுக்குச் சொல்லியாக வேண்டும்.

"அவங்கள்ல யாரு மேலயாச்சும் உனக்கு மனஸ்தாபமா புள்ள?"

"அதெல்லாம் இல்லீங்க." சேலையைக் கட்டிலில் போட்டாள். "போன வருசம் தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்கல்ல, அந்தக் குழாய்க்குள்ள போய் வந்ததுலருந்து மூடுன எடத்துல இருக்க முடியறதில்லீங்க. கார்ல கண்ணாடிய ஏத்துனாவே நெஞ்சு அடைக்குது. கண்ண மூடிக்கிட்டு ஊடு எப்ப வருமுன்னு கெடப்பேன்."

அவள் தூங்குகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கிறுக்குன்னு சொல்லிப்போட்டீங்கன்னா?"

வெள்ளியங்கிரி வெளியே போய் ஏஜெண்டைக் கூப்பிட்டு, தனக்கு ஏசியும் அவளுக்கு ஸ்லீப்பரும் சொன்னார். உள்ளே வந்து அவளிடமும் சொன்னார். "அந்தப் புழுதியும் வெக்கையும் எனக்கு ஆகாது. நீ அதுல வா, நான் இதுல வாரேன்."

நியாயம்தான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

சேலத்தில் ரயில் ஏறினார்கள். வசந்தாமணி ஜன்னல் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டாள். காற்று முகத்தில் அறைந்தது, மூச்சு தாராளமாக வந்தது. கண் மட்டும் பெட்டியின் கோடிக்குப் போய்ப் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளியங்கிரி தண்ணீர் பாட்டிலோடு வந்தார், கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து முறுக்குப் பொட்டலம். அப்புறம், "போன்ல சார்ஜ் இருக்குதா?"

எதிர் இருக்கையில் இருந்த மேச்சேரிக்காரி சின்னாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்ண்ணா, போறதும் வாரதுமா இருக்கறீங்களே, செத்த ஒக்காந்துதான் பாருங்களே."

உட்கார்ந்தார். சட்டையில் தூசி படிகிறது என்றார், ரயில் ஆட்டுகிறது என்றார். "உங்க பெட்டிக்கே போங்க" என்றாள் வசந்தாமணி. போகவில்லை. இருட்டும் வரை அங்கேயே இருந்து அலுத்துக்கொண்டார்.

மறுநாள் இறங்கியதும் இடிபாடுகளுக்குக் கூட்டிப்போக ஒரு பஸ் நின்றது. ஏசி பெட்டி மாதிரி எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தது. கூட்டம் தள்ள, படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளியங்கிரி ஏற்கெனவே ஏறியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினார்.

"வெள்ளியங்கிரி, எங்கீங்க போறீங்க?" உள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

"நாங்க ஆட்டோல வாரோமுங்க. நீங்க முன்னால போங்க."

ஆட்டோ குலுங்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள். தலை இல்லாத தூண்கள் வரிசையாகத் தெரிந்ததும் அவள் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"பாத்துப் புள்ள, உழுந்துருவ!" என்று அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.