அம்புக்குறி ஸ்டிக்கர்

ஒரு சட்டையை ஒருவரே முழுதாகத் தைப்பதில்லை. காலரை ஒருத்தி தைப்பாள், பட்டன் பட்டியை ஒருத்தி, கையை உடம்போடு சேர்ப்பது இன்னொருத்தி. இப்படிப் பல மெஷின்களைத் தாண்டிக் கடைசியில் செக்கர் மேசைக்கு வரும். அடுகோடியில் உள்ள ஒரு கார்மென்ட்ஸ் ஆலையில் அந்த மேசையில் நிற்பவள் சரசு. தையல் விலகியிருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். சட்டை வந்த வழியே திரும்பிப் போகும், அதைத் தைத்தவளிடமே. பக்கத்து மெஷின்காரி சும்மா உட்கார்ந்திருந்தாலும் தொடமாட்டாள். ஒருத்தியின் பிழையை வேறொருத்தி பிரித்துச் சரிசெய்துவிட்டால், முதலாமவளுக்குத் தன் கை எங்கே வழுக்கியது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த கட்டுத் துணியிலும் அதே இடத்தில் வழுக்கும். ஆகவே தைத்தவள்தான் பிரிக்க வேண்டும். அந்தத் தளத்தில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தளத்தின் குவாலிட்டி இன்சார்ஜ் வேலை சரசுவுக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். சரசு ஒன்பதாவதோடு நின்றவள். ஈஜிபுராவில் ராகேஷ் நடத்தும் டுடோரியலில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தனித்தேர்வராக எழுதலாம்.

சேரும்போதே ராகேஷ், "பழைய போட்டோ இருந்தா குடுங்கக்கா, சின்ன வயசுல எடுத்தது" என்று கேட்டான். மாணவி மாதிரி இருக்கட்டும் என்றுதான் கேட்கிறான் போல என்று சரசு சிரித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முன் ரெட்டைச் சடையோடு எடுத்த படத்தைக் கொடுத்தாள்.

அறிவியல் அவளுக்குப் பிடித்துப்போனது. கணக்குதான் உதைத்தது. ஏ-யையும் பி-யையும் கூட்டி வர்க்கப்படுத்தினால் ஏ வர்க்கமும் பி வர்க்கமும் வந்தால் போதாதா, நடுவில் இந்த இரண்டு ஏபி எங்கிருந்து முளைக்கிறது? ராகேஷிடம் கேட்டால், "ஃபார்முலாக்கா, மனப்பாடம் பண்ணுங்க" என்றான். அவள் ஆலையிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்தாள். ஏ-யும் பி-யும் சேர்ந்த நீளத்தில் ஒரு பெரிய சதுரத்தை வெட்டினாள். அதன் ஒரு மூலையில் ஏ அளவுக்கு ஒரு சதுரம், எதிர் மூலையில் பி அளவுக்கு ஒரு சின்னச் சதுரம். இரண்டையும் வெட்டி எடுத்ததும் கையில் இரண்டு நீளத் துண்டுகள் மிஞ்சின. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தின. இரண்டு ஏபி! கட்டிலில் உட்கார்ந்து அவள் சத்தமாகச் சிரித்ததை அவள் கணவன் கோவிந்தன் வாசலில் நின்று பார்த்தான். ஆட்டோ ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். அதற்கு முந்தின வாரம், மாதிரித் தேர்வில் கணக்கில் தோற்றுப்போய் அவள் அழுததையும் அவன் பார்த்திருந்தான்.

முதல் பரீட்சையான கணக்குத் தேர்வு நாள் வந்தது. தேர்வு மையம் அடுகோடியில் ஒரு பள்ளிக்கூடம். கோவிந்தனே ஆட்டோவில் கூட்டிப்போவதாகச் சொன்னான். ஈஜிபுரா சிக்னலில் வண்டி கோரமங்களா பக்கம் போகாமல் தோம்லூர் பக்கம் திரும்பியது.

"ஏங்க, இந்தப் பக்கம் ஏன்?"

"அங்க ஜாம்."

அவன் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். நீளத் துண்டு. சரசு பார்த்தாள். அது அவள் வெட்டிய ஏபி. இன்னொன்று மீட்டரின் மேல் எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"அது என் துணி."

"வேஸ்ட் துணிதான சரசு."

"நேத்து பூரா தேடுனேன். பரீட்சைக்கு முன்னாடி ஒருவாட்டி பார்க்கணும்னு." அவள் குரல் மாறியது. "இனிமே எனக்கு அது தேவப்படாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கோவிந்தன் வண்டியை ஓரமாக்கினான். திரும்பாமலே சொன்னான். "நீ டென்ஷன் ஆகாத. ராகேஷ்கிட்ட பேசிட்டேன். உன் பேர்ல ஒரு பொண்ணு எழுதுது. காலேஜ் பொண்ணு, கணக்குல புலியாம். எல்லாப் பேப்பருக்கும் சேர்த்துதான். ரிச்சர்ட்ஸ் டவுன்ல என் தங்கச்சி மமதா வீட்டுக்குப் போலாம். பிரியாணி போடுறா."

சரசுவுக்கு ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. பிறகு அதில் ஒரு சொல் மட்டும் கேட்டது.

"பிரியாணியா?"

"நீ பாஸ் ஆனா சந்தோஷம்தான..."

"யோவ், நான் எங்கய்யா பாஸ் ஆறேன்? எவளோ ஆறா!"

"உனக்காகத்தான் பண்ணேன். நீ அழுவுறத என்னால பார்க்க முடியல."

"அழுதா உனக்கு என்னய்யா? அழுதுட்டு திரும்ப உட்கார்ந்து போட்டேன்ல, அதப் பார்த்தியா? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தி, இவ தேறமாட்டான்னுதான உனக்குத் தோணுச்சு?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். வண்டியத் திருப்பு. இல்லன்னா இங்கயே குதிப்பேன்."

அவன் திருப்பினான்.

ராகேஷின் தொழில் எப்படி நடக்கிறது என்பது வழியில் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. பழைய போட்டோ கேட்டது அதற்குத்தான். மங்கலாக அச்சான ரெட்டைச் சடைப் படத்தில் எந்தச் சின்னப் பெண்ணையும் பொருத்திவிடலாம். ஹால் டிக்கெட்டை மையத்து வாசலில்தான் தருவேன் என்று அவன் சொன்னதும் அதற்குத்தான். எல்லாரிடமும் பழைய படம் வாங்கி வைத்துக்கொள்வது. யார் வீட்டில் யார் பயப்படுகிறார்களோ அவர்களிடம் பேசுவது. இவ்வளவு ஒழுங்காக ஓர் இயந்திரம் ஓடுகிறது. அதில் தன்னையும் ஒரு துணியாகச் செருகிவிட்டார்கள் என்று நினைக்க நினைக்க அவள் பற்கள் நறநறத்தன.

பள்ளி வாசலில் ராகேஷ் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு பெண், கையில் ஹால் டிக்கெட். சரசு நேராகப் போய் அதைப் பிடுங்கினாள்.

"அக்கா, சும்னே கலாட்டா பண்ணாதீங்க. உள்ள எல்லாம் பேசியாச்சு."

"என்கிட்ட பேசினியா?"

"நீங்க ஃபெயிலாயிடுவீங்கக்கா. மாடல் டெஸ்ட்ல என்ன வாங்கினீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நான்தான வாங்கினேன்." அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இருபது வயதுகூட இருக்காது, முகம் வெளுத்திருந்தது. "உன் பேரு என்னடி?"

"தீபிகா, ஆன்ட்டி."

"சரசுன்னு சொல்லச் சொன்னாங்களா?"

அவள் தலையசைத்தாள்.

"வூட்டுக்குப் போ."

தீபிகா ராகேஷைப் பார்க்காமலே போய்விட்டாள்.

ஆனால் வாசலில் காவலாளி சரசுவை நிறுத்தினார். ஹால் டிக்கெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீவேனாம்மா?" இது நீதானா என்று கன்னடத்தில் தொடங்கி எப்படியோ தெலுங்கில் முடித்தார்.

படத்திலிருந்த ரெட்டைச் சடைக்காரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். ராகேஷும் பின்னால் நின்று சிரித்தான். "பாருங்கக்கா. உங்கள உங்களுக்கே அடையாளம் தெரியாது."

சரசு ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள்.

காவலாளி அதையும் பார்த்தார். "ஆதார் போட்டோ யாருக்கும் பொருந்தாதும்மா" என்று தமிழில் அலுத்துக்கொண்டார். ஆனாலும் அவள் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். அந்த முகத்தோடு வாதாட அவருக்குத் தெம்பில்லை. "ஹோகி, ஹோகி" என்று வழிவிட்டார்.

தேர்வு கடினமாக இருந்தது. இரண்டு ஏபி வந்தது, துணியில்லாமலே போட்டாள். வட்டிக் கணக்கில் பாதியில் நின்றாள். வடிவியல் கேள்வி ஒன்றைத் தொடவே முடியவில்லை. கோபத்தில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டதை, விடைத்தாளைக் கொடுத்த பிறகுதான் கண்டுபிடித்தாள்.

வெளியே வந்து மதில் ஓரமாக நின்று, பையிலிருந்த அம்புக்குறித் தாளை எடுத்தாள். கேள்வித்தாளில் வட்டிக் கணக்குக்கு ஒன்று, வடிவியலுக்கு ஒன்று, கூட்டல் தப்பிய இடத்துக்கு ஒன்று என்று ஒட்டினாள். மூன்றும் அவளுடையவை.

கோவிந்தன் ஆட்டோவோடு அங்கேயே நின்றிருந்தான். இரண்டு துண்டுத் துணிகளையும் மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"எப்படி எழுதின?"

"பாஸானாலும் ஆவேன், ஆகாமலும் போவேன்."

"சரி, வா. ஏறு."

அவள் இன்னொரு ஸ்டிக்கரை உரித்து அவன் காக்கிச் சட்டையின் நெஞ்சில் ஒட்டி அழுத்தினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"என்னது?"

"நாளன்னைக்கு சயின்ஸ். அந்தப் பொண்ணுதான் எழுதுவான்னு நீ ராகேஷ்கிட்ட பேசி வெச்சிருக்க இல்ல? போ. போய் நிறுத்து. மமதாகிட்டயும் சொல்லு, என்ன பண்ணேன்னு. நீ தச்சது. நீயே பிரி."

"சரசு, வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்..."

அவள் ரோட்டைக் கடந்தாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் ஒன்று வந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் விடாமல் அடித்தது. அவள் திரும்பவில்லை. அடுத்த சிக்னலில் அந்த ஹாரன் டுடோரியல் இருக்கும் தெருப் பக்கம் திரும்பி, மெதுவாகத் தேய்ந்தது.